எனக்காகப் போட்ட மண்

எங்கள் வீட்டுச் சமையலறை நிலைக்கதவில் பென்சில் கோடுகள் இருக்கின்றன. எங்கள் வீடு என்பது வாய்ப்பழக்கத்தில் வருவது. அது என் மாமனார் வீடு. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே முதுகை ஒட்டி நிற்க வேண்டும். மாமனார் தலைமேல் மரச்சட்டத்தை வைத்துக் கோடு கிழித்து, பக்கத்தில் தேதி போடுவார். பிள்ளைகள் வளர்கிற வயதில் ஆரம்பித்த பழக்கமாம். அவர்கள் வளர்ந்து முடித்துப் பத்து வருடமாகியும் நிறுத்தவில்லை.

மாமனார் ஆறடி இரண்டு. மாமியார் ஐந்தடி ஒன்பது. என் கணவர் ஆறடி ஒன்று. நாத்தனார் ஐந்தடி பதினொன்று, அதிலும் கொண்டையை உச்சியில் போட்டுக்கொண்டு இன்னும் மூன்று அங்குலம் வாங்கிக்கொள்வாள். கல்யாணமாகி வந்த மூன்றாம் நாள் என்னையும் நிற்க வைத்தார்கள். என் கோடு விளக்கு சுவிட்சுக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது.

“நாலடி பதினொண்ணு” என்று மாமனார் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தார்.

“என்னப்பா இது, முக்கால் சைஸா இருக்கு” என்றாள் நாத்தனார். எல்லோரும் சிரித்தார்கள், என் கணவரும்தான். அன்றிலிருந்து வீட்டிலும் நான் வேலை பார்க்கும் பாட்டில் தொழிற்சாலையிலும் மைதானத்திலும் எனக்குப் பெயர் முக்கால். நாத்தனார் மட்டும் மரியாதை தெரிந்தவளாக ‘முக்கால் அண்ணி’ என்பாள். நானும் அவளுக்கு மனதுக்குள் கொடிக்கம்பம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டில் உப்பு டப்பாகூட மேல்தட்டில்தான் இருக்கும். சமைக்கப் போனால் முதலில் முக்காலியைத் தேட வேண்டும். கல்யாணப் போட்டோவில் நான் ஒரு மரப்பெட்டியின் மேல் நிற்கிறேன். பெட்டியை மறைக்க என் மாமியார் முன்னால் பூச்சாடி வைத்தார். தொழிற்சாலையில் பாட்டில்களை விளக்கு முன்னால் ஓடவிட்டு விரிசல் பார்ப்பது என் வேலை. அங்கேயும் காலுக்குக் கீழே ஒரு பலகை உண்டு. அது வேலைக்குத் தேவை, அதில் எனக்கு வருத்தமில்லை. மற்றதெல்லாம் யார் கேட்டது?

இப்படிப்பட்ட நான் பேஸ்பாலில் பிட்சர். பந்தை வீசுகிறவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே வீசுகிறேன், அதனால்தான் அந்த வீட்டுக்குள் வந்தேன். தொழிற்சாலைப் பெண்கள் அணிக்கு மாமனார்தான் பயிற்சியாளர். மைதானத்தைப் பராமரிப்பவர் என் கணவர். அணியின் இன்னொரு பிட்சர் கொடிக்கம்பம். ஒரு ஞாயிறு அவள், மறு ஞாயிறு நான் என்று மாமனார் முறை போட்டிருந்தார். அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயிப்போம். என்னுடைய ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்த மைதானமாக இருந்தால், உதை வாங்குவோம்.

இந்த வருடம் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. எடுத்தால் பயிற்சி விடுதியில் தங்க இடம், மாதச் சம்பளம், பெயர் போட்ட சட்டை. எங்கள் அணியிலிருந்து ஒரே ஒரு பிட்சர். அந்த வீட்டைவிட்டு வெளியே போக எனக்கு இருந்த ஒரே வழி அது. நாத்தனாருக்கு அது சட்டையில் குத்திக்கொள்ள இன்னொரு பதக்கம். தேர்வுக் குழு ஞாயிறு காலை எங்கள் மைதானத்துக்கே வருவதாக ஏற்பாடு.

“நீயும் வீசும்மா, வேண்டாங்கல” என்றார் மாமனார், மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து. “ஆனா ஆசையை வளத்துக்காத. பிட்சர்னா உயரம். கை எங்கேர்ந்து கிளம்புதோ அங்கேர்ந்துதான் பந்துக்கு பலம். மேலேர்ந்து கீழ வர்ற பந்தை அடிக்கறது கஷ்டம். உன் பந்து எங்கேர்ந்து வருது? அடிக்கறவ இடுப்புலேர்ந்து வருது.”

“வெளி மைதானத்துல நான் நல்லாத்தானே போடறேன் மாமா?”

“அங்கெல்லாம் அடிக்கத் தெரியாதவளுங்க.”

“அதே ஆளுங்கதான் இங்க வந்து என்னை அடிச்சு நொறுக்கறாங்க.”

“பேச்சுக்கு மட்டும் உயரம் குறைச்சலில்ல” என்றார் மாமியார். கொடிக்கம்பம் சாப்பிடுவதை நிறுத்தாமலே சிரித்தாள். என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதும் எனக்கில்லை, தட்டுக்கு வக்காலத்து வாங்குகிற ஆள்.

அந்தக் கேள்வி புதிதில்லை. இரண்டு வருடமாக அது என்னை அரித்துக்கொண்டிருந்தது. வெளி மைதானங்களில் பதினொரு ஆட்டம், எட்டில் ஜெயித்திருக்கிறேன். சொந்த மைதானத்தில் ஒன்பது ஆட்டம், ஒன்றுகூட இல்லை. சொந்த மண் எல்லோருக்கும் தெம்பு கொடுக்குமாம். என்னை மட்டும் அது கவிழ்த்துக்கொண்டே இருந்தது.

விஷயத்தைப் பிடித்தவள் எங்கள் கேட்சர். தொழிற்சாலைக்கு வெளியிலிருந்து அணியில் சேர்ந்தவள். பகலில் தையல்காரி, வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே பேசக்கூடியவள். அணியிலேயே நான் வாய்திறந்து பேசுகிற ஒரே ஆள். பந்து வந்து சேர்கிற இடத்தில் குந்தியிருப்பவள் அவள்தான், அதனால் அது எப்படி வருகிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

“இங்க வா” என்றாள், புதன்கிழமை மாலை, அவள் கடையில். “வெளியில நீ வீசறப்ப பந்து நேரா வருது. நெஞ்சு உயரத்துக்கு, தரைக்குப் படுக்கையா. அடிக்கறவ அது கீழ இறங்கும்னு நெனச்சு அடியில மட்டையை வீசுறா, காத்தைத்தான் அடிக்கறா. நீ குள்ளமா இருக்கறதாலதான் அது அப்படி வருது. நெட்டைங்க மேலேர்ந்து போட்டா அப்படி வராது.”

“இங்க?”

“இங்க பந்து சரிஞ்சு இறங்குது. இடுப்புக்கு. தட்டுல வெச்சுக் குடுக்கற மாதிரி. உன் கால் வேற எங்கயோ பள்ளத்துல போய் விழுது, ஒடம்பு முன்னால சாயுது. அதே ஆளு, அதே கை. நீ மாறலைன்னா வேற என்னவோ மாறுது.”

மாறக்கூடியது ஒன்றுதான் இருந்தது. பிட்சர் நின்று வீசுகிற மண்மேடு. மைதானத்தின் நடுவே வட்டமாக இருக்கும், உச்சியில் ஒரு வெள்ளை ரப்பர் பலகை பதித்திருக்கும். எங்கள் பேஸ்பால் சங்க விதிப்படி உயரம் பத்து அங்குலம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நானும் தையல்காரியும் நூலும் அளவுநாடாவும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனோம். அளந்தோம். சரியாகப் பத்து. மறுபடி அளந்தோம். பத்துதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆக, குறை மண்ணில் இல்லை, என்னிடம்தான் என்று நினைத்தேன். ரசமட்டத்தைத் திரும்ப வைக்கக் கருவி அறைக்குப் போனேன்.

கருவி அறை என் கணவருடைய ராஜ்ஜியம். மண்வெட்டி, வாரி, மண்ணை இடித்து இறுக்குகிற இரும்புத்தட்டு, எல்லாம் அளவுப்படி ஆணியில் தொங்கும். சுவரில் ஒரு நாட்காட்டி. அதில் சில சனிக்கிழமைகளில் அவருடைய சின்னச் சின்னக் கையெழுத்தில் ‘+2½’ என்று இருந்தது. அடுத்த திங்கட்கிழமையில் ‘−2½’. நான் விரல் வைத்துப் பின்னோக்கி, அடியில் தொங்கிய போன வருட நாட்காட்டி வரை போனேன். கூட்டல் போட்ட ஒவ்வொரு சனிக்கும் மறுநாள் என்னுடைய முறை, சொந்த மைதானம். கொடிக்கம்பத்தின் ஞாயிறுகளுக்கு முன்னால் ஒன்றுமில்லை. வருகிற சனியிலும் ஒரு கூட்டல் இருந்தது. மூலையில் ஈரச் சாக்கு போட்டு மூடி, இரண்டரை அங்குல கனத்தில் களிமண் கட்டிகள் அழகாக அடுக்கியிருந்தன.

அவர் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு உள்ளே வந்தார். என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இது என்ன?” என்றேன்.

“அது... உனக்காகத்தான்.”

“எனக்காக என்ன?”

“மேட்டைக் கொஞ்சம் ஏத்திடுவேன். உன் முறை வர்றப்ப மட்டும். நீ கொஞ்சம் உயரமா நிப்பல்ல.” சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம்கூட இல்லை. பிறந்தநாள் பரிசைப் பிரிக்கும் முன்பே பார்த்துவிட்டாளே என்கிற மாதிரி ஒரு சின்ன வருத்தம். “அப்பா சொல்றாரே, உயரம்தான் எல்லாம்னு. ஒடம்புக்கு நான் என்ன பண்ண முடியும்? மண்ணுக்குத்தான் பண்ண முடியும்.”

“ரெண்டு வருஷமாவா?”

“ஒரு தடவைகூட விடலை” என்றார், பெருமையாக.

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. “ஒம்பது ஆட்டம்! ஒம்பது ஆட்டத்துல என்னைப் போட்டு மிதிச்சாங்க. நீங்க வேலிக்குப் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுதானே இருந்தீங்க?”

“ஏத்தியுமே இப்படி அடி வாங்கறியே, ஏத்தாம விட்டா என்ன ஆகும்னு பயந்துட்டேன்.”

“எதிரணிக்காரியும் அதே மேட்டுலதானே நின்னு வீசறா? அவளுக்கு எத்தனை அங்குலம் குடுத்தீங்க?”

இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட இது அவருக்குத் தோன்றவில்லை என்பது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. வாசலில் நின்றிருந்த தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“குள்ளமா இருக்கறதுதான் என் பந்துக்கு பலம். கேக்குதா? கீழேர்ந்து போறதாலதான் அது நேரா போகுது. அதை நீங்க மண்ணைப் போட்டு மூடியிருக்கீங்க.”

“நல்லதுன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்.”

“என்னைக் கேட்டீங்களா?”

அவர் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அதன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்தது, இதை வெளியே சொன்னால் அவர் வேலை போய்விடும். மேட்டில் கை வைப்பது சங்க விதிப்படி பெரிய குற்றம். அது அவருக்கும் தெரியும். இருந்தும் ‘சொல்லிடாதே’ என்று அவர் கெஞ்சவில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

“சனிக்கிழமை அந்த மேட்டைத் தொடக்கூடாது. பத்துன்னா பத்து” என்றேன். தலையாட்டினார்.

வெள்ளியும் சனியும் நான் அவரிடம் பேசவில்லை. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் கொடிக்கம்பத்தைத் தலையில் தூக்கி வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மாமியார் மகளின் சட்டையைத் தானே தேய்த்தார். மாமனார் தேர்வுப் படிவங்களை மேஜையில் பரப்பி எழுதிக்கொண்டிருந்தார். என் படிவத்தில் உயரம் என்ற இடத்தில் ‘ஐந்தடி மூன்று’ என்று எழுதுவதைப் பார்த்தேன்.

“மாமா, அது தப்பு.”

“தெரியும்மா. எப்பவும் அப்படித்தான் போடறேன். நாலடின்னு ஆரம்பிச்சா அதுக்கு மேல படிக்கவே மாட்டாங்க. அணிக்கும் அசிங்கம், குடும்பத்துக்கும் அசிங்கம்.”

“அண்ணிக்கு நாலு அங்குலம் இனாம்” என்றாள் கொடிக்கம்பம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஞாயிறு காலை, மற்றவர்கள் கிளம்பும் முன்பே தையல்காரியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டேன். என் கணவர் அங்கே இருந்தார். மேடு ஈரமாகப் பளபளத்தது. நூலைப் பிடித்தோம். தையல்காரி அளவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஏழரை” என்றாள்.

அவர் மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. “கீழேர்ந்து போனாத்தானே உனக்கு நல்லதுன்னே. அதான் இறக்கிட்டேன். பார்வைக்குத் தெரியாது.”

நான் கத்தினேன். இப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. “ஏங்க, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்னை இருக்கற மாதிரி நிக்க விடமாட்டீங்களா? கூட்டறதும் குறைக்கறதும்தானா? தொடக்கூடாதுன்னுதானே சொன்னேன்!”

“உனக்கு இந்த இடம் கிடைக்கணும்னுதான்...”

“கிடைச்சா அது எனக்குக் கிடைச்சதா இருக்கணும். இந்த மேட்டுல ஜெயிச்சா அது உங்க மண்வெட்டி ஜெயிச்சது. எடுங்க அந்தக் கட்டியை.”

ஒன்றரை மணி நேரம் இருந்தது. ரப்பர் பலகையைப் பெயர்த்து, களிமண் கட்டிகளை உடைத்துப் போட்டு, தண்ணீர் தெளித்து, இரும்புத்தட்டால் இடித்தோம். அவர் இடித்தார், நான் காலால் மிதித்தேன், தையல்காரி நூலைப் பிடித்தாள். கடைசியாக அளந்தபோது பத்து. நான் என் கையால் இன்னொரு முறை அளந்தேன். அவர்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை, அதை அவர் பார்க்கட்டும் என்றேதான் செய்தேன்.

தேர்வுக் குழுவில் மூன்று பேர். தலைவி ஒரு நடுவயதுக்காரி, முன்னாளில் கேட்சராக இருந்தவள். பந்து பிடித்துப் பிடித்து அவளுடைய வலதுகை விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. பேசுவது குறைவு. கூடவே மட்டை பிடிக்கிற ஆறு பேட்டர்களை அழைத்து வந்திருந்தாள், எல்லோரும் மாகாண அணிக்காரிகள்.

முதலில் கொடிக்கம்பம் வீசினாள். இல்லாததைச் சொல்ல மாட்டேன், நன்றாகவே வீசினாள். அந்த நீளக் கை மேலே போய், பந்து மாடியிலிருந்து போட்ட மாதிரி இறங்கியது. ஆறு பேரில் மூன்று பேரைத் தொடவிடாமல் அனுப்பினாள். ஒருத்தி மட்டும் நன்றாக அடித்தாள். மாமனார் கைதட்டிய சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. என்னைக் கடந்து போகும்போது அவள் குனிந்து, “மேட்டுல ஏற ஏணி வேணுமா அண்ணி?” என்றாள்.

நான் ஏறினேன். வழக்கமாக அங்கே நிற்கும்போது முதுகை நிமிர்த்தி, குதிகாலைத் தூக்கி, கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்துவேன். மாமனார் சொல்லிக்கொடுத்தது. அன்று அதை விட்டுவிட்டேன். முழங்காலை மடக்கினேன். எட்டு வைக்கும்போது தரையை ஒட்டிப் போனேன். கையைத் தோளுக்கு மேலே போகவிடவில்லை. காலுக்குக் கீழே மண் சரியாக இருந்தது, பள்ளம் தட்டவில்லை. பந்து என் கையைவிட்டுப் படுக்கையாகப் போனது.

முதல் பேட்டர் அதற்கு ஒரு சாண் கீழே மட்டையை வீசினாள். மறுபடியும் வீசினாள். மூன்றாவது முறையும் காற்றைத்தான் அடித்தாள். தையல்காரி பந்தைத் திருப்பி எறியும்போது சிரித்தாள், அவளுக்குச் சிரிப்பை அடக்க வராது. இரண்டாவது பேட்டரும் அப்படியே போனாள், மூன்றாவதும். நான்காவது ஒருத்தி பந்தை மட்டையின் மேல்விளிம்பில் உரசி நேர் மேலே தூக்கிவிட்டாள், நானே போய்ப் பிடித்தேன். ஐந்தாவது, ஆறாவது ஆட்கள் தொடவே இல்லை. கடைசிப் பேட்டர் மட்டையைத் தரையில் ஓங்கிக் குத்திவிட்டுப் போனாள். மனசு நிறைய எனக்குக் கெட்ட சந்தோஷம்.

மாமனார் கைதட்டவில்லை. நேராக மேட்டுக்கு வந்து குனிந்து மண்ணைத் தொட்டார். “ஈரமா இருக்கு. புதுசாப் போட்ட மண்ணு. இந்த மேடு சரியில்ல. இதுல வீசினது செல்லாது.” தலைவியைப் பார்த்துச் சொன்னார், ஆனால் விரல் என் பக்கம் இருந்தது. “இவ புருஷன்தான் மைதானத்துக்குப் பொறுப்பு. ரெண்டு பேரும் சேந்து ஏதோ பண்ணியிருக்காங்க.”

சொந்த மகனை, பெற்றவரே. என் பந்து நல்ல பந்து என்று ஒப்புக்கொள்வதைவிட அவருக்கு இது சுலபமாக இருந்தது.

“அளந்துடலாம்” என்றாள் தலைவி. அவளே நூல் பிடித்தாள், மட்டத்தின் குமிழியைப் பார்த்தாள். “பத்து. ஒரு நூல்கூட பிசகில்ல. அதோட, உங்க பொண்ணும் இதுலதானே வீசினா?”

மாமனார் நிமிர்ந்தார். விடுகிற ஆள் இல்லை. “இன்னிக்கு ஏதோ அதிர்ஷ்டம். இவ கணக்கைப் பாருங்க. சொந்த மைதானத்துல ஒம்பதுக்கு ஒம்பது தோல்வி.”

தலைவி கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். “ஆமா, நானும் அதைக் கேக்கணும்னு இருந்தேன். வெளியில எட்டு ஜெயம். இங்க ஒண்ணுகூட இல்ல. ரெண்டு வேற ஆளுங்க மாதிரி இருக்கு.” என்னைப் பார்த்தாள். “பதட்டமா? காயமா? எதுவா இருந்தாலும் சொல்லு. தெரியாம நான் உன்னைக் கூட்டிட்டுப் போக முடியாது.”

பதட்டம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் சொந்த ஊரிலேயே நடுங்குகிறவள் என்று எழுதிக்கொண்டு கொடிக்கம்பத்தை எடுப்பாள். உண்மையைச் சொன்னால் வேலிக்குப் பக்கத்தில் வாரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிதருக்கு வேலை போகும். நான் அவரைப் பார்த்தேன். இந்தத் தடவையாவது அவர் தட்டைப் பார்க்கக்கூடாது என்று மனதார வேண்டினேன். பார்த்துக்கொண்டே நின்றேன். வக்காலத்துக்கு ஆள் தேடவில்லை, அவர் வாயிலிருந்து உண்மை வராவிட்டால் நானே சொல்லியிருப்பேன், சத்தியமாக.

அவர் வாரியைக் கீழே போட்டுவிட்டு நடந்து வந்தார்.

“காரணம் நான்தான்” என்றார். “இவ வீசற நாள்ல மேட்டை ரெண்டரை அங்குலம் ஏத்தினேன். ரெண்டு வருஷமா. இவளுக்குத் தெரியாது. வியாழக்கிழமைதான் கண்டுபிடிச்சா. நாட்காட்டியில எழுதி வெச்சிருக்கேன், வந்து பாருங்க.”

“யாரைக் கேட்டுடா பண்ண?” என்றார் மாமனார். குரல் கிழிந்தது.

“நீங்கதானேப்பா சொன்னீங்க, உயரம் இல்லாதவ பிட்சரே இல்லன்னு. எங்கேர்ந்து நான் உயரம் வாங்கிட்டு வர்றது?”

மாமனார் என் கணவரின் இடுப்பிலிருந்த கருவி அறைச் சாவியைப் பிடுங்கினார். மகனைப் பார்க்கக்கூட இல்லை. என் கணவர் சாவியில்லாத இடுப்போடு, இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதற்காக என்மேலேயே கோபமும் வந்தது. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை.

தலைவி அங்கேயே மாமனார் எழுதிய என் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள். “உன்னைத்தான் எடுக்கறோம். விவரமெல்லாம் சரியா பாத்துக் கையெழுத்துப் போடு. தப்பா இருந்தா செல்லாது, அப்புறம் எங்க அலுவலகத்துல திருப்பி அனுப்பிடுவாங்க.”

வயது சரி. முகவரி சரி. உயரம், ஐந்தடி மூன்று.

“இது தப்பு” என்றேன்.

“ஏய், விடும்மா” என்றார் மாமனார் பல்லுக்கிடையில். “உன் நன்மைக்குத்தான் போட்டிருக்கு. கிடைச்சதைக் கெடுத்துக்காத.”

“பயிற்சியாளர்தானே சான்று குடுத்திருக்கார்?” என்றாள் தலைவி. “மாத்தணும்னா அவரே மாத்தி எழுதணும்.”

நான் காலணிகளைக் கழற்றினேன். வீரர்கள் உட்காரும் கொட்டகையின் இரும்புத்தூணில் முதுகை ஒட்டி நின்றேன். காலுறை வழியாகச் சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. முழு அணியும் அங்கே இருந்தது. கொடிக்கம்பம் தன் அம்மாவின் பக்கத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

“அளங்க மாமா.”

அவர் அசையவில்லை. தலைவி தன் கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். ஆறடி இரண்டு அங்குல மனிதர் என் முன்னால் குனிய வேண்டியிருந்தது. நாடாவின் நுனியைத் தரையில் வைத்து மிதித்துக்கொண்டு, என் தலைமேல் உள்ளங்கையைத் தட்டையாக வைத்தார்.

“நாலடி பதினொண்ணு” என்றார் வாய்க்குள்ளேயே.

“கேக்கலை மாமா. அன்னிக்கு வீட்டுல சொன்னீங்களே, அந்த மாதிரி சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் கண்ணை எடுக்கவில்லை.

“நாலடி பதினொண்ணு!” என்று கத்தினார். வேலிக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவி பேனாவைக் கொடுத்தாள். அவர் ஐந்தடி மூன்றை அடித்துவிட்டு, சரியான அளவை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே நான் என்னுடையதைப் போட்டேன்.